பத்து நாள் தங்கினால் ‘லோக்கல்’ ஆகிவிட முடியுமா?

வெள்ளிக்கிழமை மாலை, சென்னை ஓ.எம்.ஆர். சாலை அலுவலகங்களில் லேப்டாப்பை மூடியதும் பலர் அடுத்துத் திறப்பது தங்குமிட ஆப்பைத்தான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தத் தேடல் “பாண்டிச்சேரி, ரெண்டு நாள், பீச் வியூ” என்பதோடு முடிந்துவிடும். இப்போது கேட்பது வேறு. “பத்து நாள் வேணும், வைஃபை நல்லா இருக்கணும், கூட்டம் இருக்கக் கூடாது, லோக்கல் ஃபீல் வேணும்.” வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி வந்த பிறகு, கடலோரக் கிராமம் ஒன்றில் மெதுவாகத் தங்கி, அந்த ஊர்க்காரர் போலவே வாழ்ந்துவிட்டு வருவது பலருக்கும் ஆசையாகியிருக்கிறது. இதற்குப் பெயர் ‘ஸ்லோ டிராவல்’.

அந்தத் தேடல் பலரைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ ஊர்கள். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, அடுத்து பொம்மையார்பாளையம். சாலையின் இருபுறமும் ரிசார்ட், கஃபே, ஹோம்ஸ்டே பலகைகள். பலகைகளுக்குப் பின்னால் ஊர். ஊருக்குப் பின்னால் கடல்.

நிதானமாகப் பயணிப்பது நல்லதுதான். ஆனால் ‘லோக்கல் போல வாழலாம்’ என்ற வாக்குறுதியை இந்த ஊரின் கரையில் நின்று பார்த்தால் ஒரு கேள்வி எழும். இங்கே ‘லோக்கல்’ ஆக இருப்பவர் எதைச் சுமந்துகொண்டு இருக்கிறார், வருகிறவர் அதில் எதைப் பகிர்ந்துகொள்கிறார்?

‘ஸ்லோ’ எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல் பிறந்தது சாப்பாட்டுத் தட்டில். 1986ல் ரோம் நகரின் ஸ்பானிஷ் படிக்கட்டுகள் அருகே மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. இத்தாலியின் பிரா நகரைச் சேர்ந்த கார்லோ பெட்ரினியும் நண்பர்களும் தொடங்கிய ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் அந்தச் சூழலில் வளர்ந்தது. 1989ல் பாரிஸில் அதன் கொள்கை அறிக்கை வெளியானது. 1999ல் நிதானமான நகர வாழ்க்கையை முன்வைத்து ‘சிட்டாஸ்லோ’ அமைப்பு உருவானது. பயணத்துக்கு இந்தச் சிந்தனை வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான்.

அந்த இயக்கத்தின் அடிப்படைக் கேள்வி வேகம் பற்றியது மட்டும் அல்ல. இந்த உணவை விளைவித்தது யார், அவருக்கு நியாயமான பங்கு கிடைக்கிறதா, அவரது மண்ணும் நீரும் நன்றாக இருக்கின்றனவா என்பதும் அதில் சேர்ந்தே இருந்தது. பயணத் துறையின் கைக்கு வந்தபோது ‘மெதுவாக’ என்ற பாதி தங்கியது. ‘யாருக்குப் பங்கு?’ என்ற மறுபாதி வழியிலேயே உதிர்ந்துபோனது. 2016ல் ஏர்பிஎன்பி நிறுவனம் ‘அங்கே போகாதீர்கள், அங்கே வாழுங்கள்’ என்ற பொருளில் உலகம் முழுக்க விளம்பரம் செய்தபோது, உள்ளூர் வாழ்க்கையே ஒரு விற்பனைப் பொருளாகிவிட்டது.

அதன் விலையை மற்ற ஊர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டன. ஸ்பெயினின் பார்சிலோனாவில் பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 சதவீதம் உயர்ந்ததாக அந்த நகர மேயர் 2024ல் சொன்னார். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்கள் 2028 நவம்பருக்குப் பிறகு நீடிக்காது என்றும் அறிவித்தார். அடுத்த மாதமே அந்த ஊர் மக்கள் விளையாட்டுத் துப்பாக்கியால் பயணிகள் மீது தண்ணீர் பீய்ச்சிய காட்சி உலகெங்கும் பரவியது. ‘லோக்கல் போல’ வாழ வந்தவர்கள் கூடியதில், லோக்கலாகவே வாழ்ந்தவர்களுக்கு இடம் குறைந்துபோனதுதான் அங்கே கோபம்.

பொம்மையார்பாளையம் எப்படிப்பட்ட ஊர்?

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். புதுச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். வடக்கே அடுத்த ஊரான பிள்ளைச்சாவடியும், அதைத் தாண்டி பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டும் மறுபடி புதுச்சேரி நிர்வாகத்தில் வருகின்றன. அதாவது, தெற்கேயும் புதுச்சேரி, வடக்கேயும் புதுச்சேரி, நடுவில் தமிழ்நாடு. கடலுக்கு இந்த எல்லைக்கோடெல்லாம் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இந்த ஊரின் பெரிய பிரச்சினையாகவும் ஆனது. அதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

ரீல்ஸில் இந்த ஊர் சூரிய உதயம், படகு, தென்னை என்று பதினைந்து நொடியில் முடிந்துவிடும். பத்து நாள் நிதானமாக இருப்பவருக்கு வேறு ஊர் தெரியும். விடிகாலையில் ஃபைபர் படகுகள் கரைக்கு வருகின்றன. வலையிலிருந்து மீனை உதறி எடுக்கும் வேலையில் குடும்பமே இறங்குகிறது. கரையிலேயே ஏலம். அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் சந்தைக்கும் தெருவுக்கும் கிளம்புகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது “மீன்பாடு எப்படி?” என்றுதான். காற்று மாறினால் பேச்சும் மாறும். “வாடை அடிக்குது, இன்னிக்குப் போவ முடியாது” என்ற ஒரு வரியில் அன்றைய வருமானம் முடிந்துவிடும்.

கடலைப் பார்த்தபடி மட்டும் இருக்கும் ஊரும் அல்ல இது. மேற்கே ஏறினால் செம்மண் மேடு, மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள், முந்திரித் தோப்புகள். மயிலம் முருகன் கோயிலோடும் அங்குள்ள தமிழ்க் கல்லூரியோடும் தொடர்புடைய பொம்மபுர ஆதீனத்தின் பெயர் இந்த ஊரின் பெயரோடு சேர்ந்தது. மாசிமகம் வந்தால் மயிலம் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். உள்நாட்டில் மலை மேல் இருக்கும் சாமியைக் கடலோர மக்கள் வரவேற்கும் அந்த நாளைத் தெரிந்துகொள்ள, எந்த ஆப்பின் ‘டாப் 10’ பட்டியலும் உதவாது. ஊரில் இருந்தால்தான் தெரியும். நிதானமான பயணத்தின் உண்மையான லாபம் இதுதான்.

மணல் எங்கே போனது?

இந்தக் கரையைப் பார்க்க வருபவர் பலரும் கேட்கும் கேள்வி: “பீச் எங்க இருக்கு?” சில இடங்களில் மணல் ஒரு கீற்றாக இருக்கிறது. சில இடங்களில் கருங்கற்குவியல் மட்டும். அலை வந்து சுவரைத் தொடும் இடங்களும் உண்டு. அதற்கான விடை தெற்கே, புதுச்சேரியில் இருக்கிறது.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் எதிர்த்திசையில் வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. இன்று ஒரு ஊரின் கரையில் இருக்கும் மணல் நேற்று தெற்கு ஊரில் இருந்தது. நாளை வடக்கு ஊருக்குப் போகும். இந்த வரத்தும் போக்கும் சமமாக இருக்கும்வரை கரை கரையாகவே இருக்கும்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரின் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வடக்கே வரத்து நின்றது, போக்கு நிற்கவில்லை. சில ஆண்டுகளில் புதுச்சேரியின் புகழ்பெற்ற கடற்கரையில் மணல் கரைந்து, அந்த இடத்தில் கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டினால் அந்த இடம் தப்பிக்கும். ஆனால் அங்கிருந்து வடக்கே போக மணல் இருக்காது. அதனால் அரிப்பு அடுத்த ஊருக்குப் போனது. அங்கேயும் கல். பிறகு அதற்கு அடுத்த ஊர். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைத்தாண்டவன்குப்பம் என்று புதுச்சேரி எல்லையைத் தாண்டி, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வழியாக பொம்மையார்பாளையத்துக்கும் பிள்ளைச்சாவடிக்கும் வந்து சேர்ந்தது. ஒரு ஊர் தன் தலைவலியை அடுத்த ஊருக்குக் கைமாற்றிவிட்டது போலத்தான். ஆனால் எந்த ஊர் மக்களும் வேண்டுமென்று செய்தது அல்ல அது.

மீனவர்களுக்கு மணல் என்பது காட்சி அல்ல, வேலை செய்யும் இடம். படகை ஏற்றி நிறுத்தவும், வலையை உலர்த்திப் பழுது பார்க்கவும், மீன் காயப்போடவும், ஏலம் நடத்தவும் அதே மணல்தான். அது போனால் படகைச் சாலையோரத்துக்கு இழுக்க வேண்டும் அல்லது வேறு ஊர்க் கரையில் நிறுத்த வேண்டும். கரையோர வீடுகளும் மிஞ்சுவதில்லை. தூண்டில் வளைவு அமைத்துத் தரக் கேட்டு இந்தப் பகுதி மீனவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தது இதனால்தான். வார இறுதி டிராஃபிக்கில் மாட்டியவருக்கு அது ஒரு மணி நேர எரிச்சல். உட்கார்ந்தவருக்கு அது வீடு.

தூண்டில் வளைவிலும் அதே சிக்கல் உண்டு. ஓர் ஊரில் மணலைப் பிடித்துவைத்தால் அதற்கு வடக்கே இருக்கும் ஊரில் குறையும். ஆகவே ஊர் ஊராக யோசிப்பதால் தீராது. துறைமுகத்தில் சேரும் மணலைத் தொடர்ந்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைப்பது என்று மொத்தக் கரைக்குமான வழிகளைத்தான் பார்க்க வேண்டும். 2018-19ல் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் ஒரு திட்டு அமைத்தபோது, பல ஆண்டுகளாகக் கல்லாக இருந்த இடத்தில் மணல் திரும்ப வந்தது. சுற்றுலாவின் முகப்பாக இருக்கும் இடத்துக்கு அது கிடைத்தது. வடக்கே இருக்கும் மீனவ ஊர்களும் அதே கடலின் கரைதான்.

வாடகைப் பணம் ஊருக்குள் வருகிறதா?

கரை சுருங்கச் சுருங்க, மிச்சம் இருக்கும் கடலோர நிலத்தின் விலை ஏறுவது விசித்திரம். கடல் தெரியும் அறைக்குத் தேவை கூடுகிறது. கடலோர மனைகள் வெளியூர் முதலீட்டாளர் கைக்குப் போகின்றன. சுற்றுச்சுவர் எழும்போது, ஊர் மக்கள் காலங்காலமாகக் கடலுக்கு நடந்த பாதை சுருங்குகிறது. ‘லோக்கல் அனுபவம்’ என்ற பெயரில் கொடுக்கப்படும் வாடகையில் ஊருக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்குமான சம்பளம்தான் விடையாக இருக்கும்.

வெளியூரிலிருந்து வந்து இங்கே வாழ்வது இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே உள்ள செம்மண் மேட்டில்தான். ஆரம்பத்தில் வந்தவர்கள் கீற்றுக் குடிசையில் தங்கி, தண்ணீர் சுமந்து, மரம் நட்டார்கள். பொட்டலாகக் கிடந்த மேடு இன்று காடாக நிற்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் பல குடும்பங்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பக்கத்தில் வாழ்ந்தும், நிலம், வேலை, முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றில் ‘இவர்கள்’, ‘அவர்கள்’ என்ற பேச்சு இன்னும் முற்றிலும் மறையவில்லை. ஐம்பது ஆண்டில் எளிதாகாத ஒன்று பத்து நாளில் ஆகிவிடும் என்று நம்பத் தேவையில்லை. ஆகாமல் போவதில் வெட்கமும் இல்லை.

கேரளம் காட்டிய வழி, சட்டத்தில் ஒரு வரி

அப்படியென்றால் வரவே கூடாதா? வரலாம். வருகிறவர் பணம் சரியான வீட்டு வாசலில் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான். கேரளத்தின் குமரகத்தில் 2008 வாக்கில் ‘பொறுப்புச் சுற்றுலா’ முயற்சி தொடங்கியபோது, அங்குள்ள ஓட்டல்கள் காய்கறியை வெளிச் சந்தையில் வாங்குவதற்குப் பதிலாக குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடம் வாங்கத் தொடங்கின. ஓலை முடைவது, கயிறு திரிப்பது, வலை வீசுவது என்று ஊர் மக்கள் தாங்களே நடத்தும் பயணங்கள் உருவாயின. 2017ல் அதற்கென்றே ஒரு மிஷன் அமைக்கப்பட்டது. குறை இல்லாத திட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘ஊருக்கு என்ன பங்கு?’ என்ற கேள்வியை அரசே கேட்கத் தொடங்கியது அங்கே.

தமிழகக் கடலோரத்துக்கும் வாய்ப்பு இருக்கிறது. 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்கள் உள்ளிட்ட உள்ளூர்ச் சமூகத்தினர் தங்கள் வீட்டின் அடித்தள அளவையும் தோற்றத்தையும் மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்த இடம் தருகிறது. அதாவது, பெரிய ரிசார்ட் கட்டப் பணம் இல்லாத ஒரு மீனவக் குடும்பமும் தன் வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்குத் தரலாம். தாளில் இருக்கும் இந்த வரி தெருவுக்கு வர வேண்டுமானால் பதிவு நடைமுறை எளிமையாக வேண்டும். கழிப்பறை, நல்ல தண்ணீர் போன்ற வசதிகளுக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகக் கடன் வேண்டும். ஆப்பில் பட்டியலிடத் தெரியாதவருக்குக் கைகொடுக்க ஊராட்சி அளவில் ஓர் ஆள் வேண்டும். மீனவ ஊர்களில் ஊர் பஞ்சாயத்து இன்றும் வலுவாக இருக்கிறது. எத்தனை அறை, எந்தப் பாதை திறந்திருக்க வேண்டும், கரையில் எது கூடாது என்பதை அந்தப் பஞ்சாயத்து முடிவுசெய்வதே நியாயம்.

லோக்கல் ஆக வேண்டாம், நல்ல விருந்தாளி ஆகலாம்

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: விருந்தாளி. விருந்தாளிக்கு மரியாதை உண்டு. கூடவே சில ஒழுங்கும் உண்டு. பத்து நாள் தங்க வருபவருக்கு அது பெரிய சிரமம் தராது.

அறை புக் செய்யும் முன், “வீட்டு ஓனர் இந்த ஊர்க்காரரா?” என்று ஒரு மெசேஜ் அனுப்பலாம். மீனைக் கரையிலோ, அன்னக்கூடை அக்காவிடமோ வாங்கலாம். சங்கராவுக்கும் கானாங்கெளுத்திக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அவரே சொல்லித் தருவார். எப்போதும் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், அன்று கிடைத்த நெத்திலியைச் சாப்பிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது மீன் விலை ஏறுவதும் அந்த ஊர் வாழ்க்கையின் ஒரு பகுதி என்று புரிந்துகொள்ளலாம்.

வலை பின்னுபவரைப் படம் எடுக்கும் முன் கேட்கலாம். அவர் அலுவலகத்தில் இருக்கிறார். யாரும் அனுமதி இல்லாமல் வேறொருவர் அலுவலகத்தில் கேமராவைத் தூக்குவதில்லை. கற்கள் கொட்டிய கரையில் இழுப்பு அதிகம். “இங்க எறங்காதீங்க தம்பி” என்று ஒரு பெரியவர் சொன்னால், அது கூகுள் ரிவ்யூவைவிட நம்பகமான எச்சரிக்கை.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பும் உண்டு. “வாரம் முழுக்க உழைச்சிட்டு ரெஸ்ட் எடுக்க வர்றோம். கடலரிப்பைப் பத்திப் படிக்கவா வர்றோம்?” நியாயமான கேள்விதான். ஓய்வெடுக்க வருபவர் போராட்டத்தில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் ‘லோக்கல் போல’ என்று கேட்டு வந்தவர், லோக்கல் ஆட்களின் காலைக் காபியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களின் கவலையைத் தெரியாமலே கிளம்பினால், அவர் வாங்கி வந்தது பாதிப் பொருள்தான். மேலும், இந்தக் கரையில் மணல் இல்லாமல் போனால் முதலில் பாதிக்கப்படுவது மீனவர், அடுத்தது சுற்றுலா. “பீச் எங்க?” என்று கேட்பவர்களின் குரல், “படகை எங்க ஏத்துறது?” என்று கேட்பவர்களின் குரலோடு சேர்ந்தால் அதிகாரிகளின் காதில் கொஞ்சம் உரக்கவே விழும்.

ஊர்க்காரருக்கும் விருந்தாளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாளில் தெளிவாகத் தெரிந்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களுக்கு முன்பு துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் விருந்தாளி செக்-அவுட் செய்துவிட்டு மேற்கே கிளம்பிவிடுவார். அதில் தப்பு இல்லை, அதுதான் புத்திசாலித்தனம். அதே நேரத்தில் ஊர்க்காரர் கடல் பக்கம் ஓடுவார், படகை மேலே இழுக்க.

அவர் இழுத்து ஏற்ற மணல் இருக்கிறதா என்பதுதான் பொம்மையார்பாளையத்தின் கேள்வி. காரில் ஏறும் முன் ஒரு கை கொடுத்து அந்தப் படகைத் தள்ளிவிட்டு, ஊருக்குத் திரும்பிய பிறகும் “கரை இப்ப எப்படி இருக்குண்ணா?” என்று போன் போட்டுக் கேட்பவர் லோக்கல் ஆகிவிட மாட்டார். ஆனால் அடுத்த முறை வந்தால், “எத்தனை நாள் தங்குவீங்க?” என்ற கேள்விக்கு முன்னால் “சாப்பிட்டீங்களா?” என்ற கேள்வி வரும்.